நான்கு வயதுக் குழந்தையோடு க்ரூகர்: வீடெடுத்துச் சமைத்துத் தங்கலாமா?

கேள்வி: மே விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 9. மாமனார், மாமியார் சுத்த சைவம். பூங்காவுக்குப் பக்கத்தில் வீடெடுத்து நாங்களே சமைத்துக்கொள்வது சரிப்படுமா? பாதுகாப்பாக இருக்குமா? (கோவை வாசகி)

தாராளமாகச் சரிப்படும். சமையல் ஒரு காரணம்தான். முக்கியக் காரணம் உங்கள் மகன். பூங்கா நிர்வாகம் நடத்தும் திறந்த வண்டிச் சவாரிகளில் 6 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டார்கள். காட்டுச் சவாரி நடத்தும் தனியார் லாட்ஜ் பலவற்றிலும் வயது வரம்பு உண்டு. லாட்ஜுக்குப் பணம் கட்டிவிட்டு, பையனோடு யாராவது ஒருவர் அறையிலேயே உட்கார வேண்டி வரும். வாடகைக் காரில் நீங்களே பூங்காவுக்குள் போனால் அந்தத் தடை இல்லை. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குச் சிரமம் இருக்காது.

மார்லோத் பார்க்கில் வீடு தேடுங்கள். க்ரொகடைல் ஆற்றுக்கு அந்தக் கரை க்ரூகர், இந்தக் கரை இந்த ஊர். பெரும்பாலான வீடுகளுக்கு நடுவே மதில் கிடையாது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, 'குடு' (kudu) என்ற மான் எல்லாம் வாசல்வரை வரும். வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி முன்னங்கால் இரண்டையும் மடக்கி, மண்டியிட்டபடியே நகர்ந்து புல் மேயும். திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற குழந்தைக்கு நேரம் போவதே தெரியாது.

ஆனால் கிட்டே போய்த் தொடவிடாதீர்கள். ரொட்டி, சோறு எதுவும் போடக் கூடாது. அவற்றின் வயிற்றுக்கு ஆகாது. இருட்டிய பிறகு வெளியே நடக்கவே வேண்டாம். பாம்பு, தேள் உண்டு. பூங்கா வேலி தாண்டிச் சிங்கம் வந்ததும் உண்டு. பகலில் குரங்குத் தொல்லை. சமையலறைக் கதவை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் வாழைப்பழச் சீப்பு மிஞ்சாது.

என்னைக் கேட்டால், நான்கு வயதுப் பிள்ளைக்கு மிருகத்தைவிடப் பெரிய ஆபத்து அந்த வீடுகளின் சின்ன நீச்சல் குளம்தான். வேலியோ வலையோ போட்டிருக்கிறதா என்று கேட்டு, படம் வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். ஜன்னல்களில் கொசுவலை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

முற்றத்தில் 'ப்ராய்' என்ற கரியடுப்பு இருக்கும். அதில் இறைச்சி சுட்டிருப்பார்கள் என்பதால், பெரியவர்களுக்குச் சோளக்கதிர் சுடும்போது அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள். அரிசி, காய்கறி, தயிர் எல்லாம் மலெலேன், கோமாட்டிபூர்ட் ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். சின்ன குக்கர், ரசப்பொடி, பருப்புப்பொடி கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழங்களும் வேண்டாம். செடிப்பொருள் கொண்டுவர அங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

பூங்காவுக்குள் போக க்ரொகடைல் பிரிட்ஜ் வாயில் வசதி. காரில் சுமார் அரை மணி. மே மாதம் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடுவார்கள். அங்கிருந்து லோயர் சாபி முகாம் 34 கிலோமீட்டர்தான். ஆனால் தார்ச்சாலையில் வேக வரம்பு 50. யானை வழிமறித்தால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், நடுவில் காரைவிட்டு இறங்கவும் முடியாது. அதனால் வாயிலிலேயே எல்லோரும் கழிப்பறை போய்விட்டுக் கிளம்புங்கள். லோயர் சாபியை ஒட்டிய சன்செட் அணையில் காரை நிறுத்தினால் நீர்யானையும் முதலையும் ஜன்னலிலிருந்தே தெரியும். விடியற்காலை நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

அப்புறம் மலேரியா. மே மாதத்தில் குறையத் தொடங்கும், ஆனால் அடியோடு போய்விடாது. தடுப்பு மாத்திரை குழந்தையின் எடையைப் பொறுத்தது. கிளம்பப் பல நாள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஊர் திரும்பிய பின் சில மாதங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்று முதலிலேயே சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.