பிளக்கைக் கழற்றிய பிறகும் கரண்ட் அடித்தது ஏன்?

கேள்வி: எங்கள் தோட்டக் கிணற்றில் ஒரு எச்.பி. மோட்டர் பூட்டியிருக்கிறோம். கொஞ்ச நாளாகச் சுவிச்சைப் போட்டால் சுற்றாமல் இரைகிறது. பின்பக்க விசிறியைத் தடியால் தட்டிவிட்டால் ஓடுகிறது. திருத்துகிறவர் கப்பாசிட்டர் போய்விட்டது என்று சொல்லி இரண்டு மாதத்தில் இரண்டு தடவை மாற்றிவிட்டார். மாற்றினால் சில நாள் ஓடும், பிறகு பழையபடிதான். போன கிழமை ஒருநாள் காலையில் ஒழுங்காக ஓடியது. நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து, இருபது நிமிடம் கழித்துப் போட்டபோது இரைந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஏ.எல். படிக்கும் என் மகன் கப்பாசிட்டரின் இரண்டு வயரையும் பிடித்தான். அடித்த அடியில் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டான். கரண்டே இல்லாத மோட்டரில் எப்படி அடிக்கும்? கொள்ளளவி (கப்பாசிட்டருக்குப் பாடப்புத்தகப் பெயர்) சில செக்கனில் இறங்கிவிடும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்தானாம். இப்போது இன்னும் பெரிய கப்பாசிட்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (ஒரு வாசகி, வட்டக்கச்சி)

பதில்: போட வேண்டாம், தங்கச்சி. பெரியதும் வேண்டாம், மூன்றாவதாக அதே அளவும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடைய கப்பாசிட்டர் செத்துப்போகவில்லை. முழுதாகச் செத்த கப்பாசிட்டர் யாரையும் அடிக்காது. தம்பிக்கு விழுந்த அடிதான் அதற்குச் சாட்சி.

கப்பாசிட்டர் என்பது மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் சின்னக் குளம். குளத்துத் துருசைத் திறந்து வெறும் பள்ளமொன்றுக்குத் தண்ணீர் விடுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் பாய்ந்து போகும். பள்ளத்தில் மட்டம் ஏற ஏற வேகம் குறையும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் ஓட்டம் நின்றுவிடும். கப்பாசிட்டர் ஏறுவதும் இப்படித்தான். இறங்குவதும் அதே மாதிரி: தொடக்கத்தில் வேகமாக, போகப் போக மெதுவாக. எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கிறது. ஒன்று குளத்தின் பருமன் (கொள்ளளவம்), மற்றது வாய்க்காலின் அகலம் (ஒடுங்க ஒடுங்கத் தடை கூடும்).

போரால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்களுக்கு இது காதால் தெரியும். பற்றரி கொண்டுவரத் தடை, அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் செய்தி கேட்போம். டயோட்டுக்குப் பின்னால் ஒரு கப்பாசிட்டரை ஒட்டினால்தான் குரல் இரைச்சலில்லாமல் வரும். மிதிப்பதை நிறுத்தினாலும் குரல் உடனே நிற்காது. மெல்ல மெல்ல மங்கி அடங்கும். அந்த மங்கல்தான் கப்பாசிட்டர் இறங்கும் வளைகோடு. எனக்கு அதை முதலில் கற்றுத்தந்தது அந்த ரேடியோதான், பாடப்புத்தகம் அதற்குப் பிறகு வந்தது.

தம்பியின் கணக்குக்கு வருகிறேன். தடையைக் கொள்ளளவத்தால் பெருக்கினால் நேர மாறிலி வரும். அவ்வளவு நேரத்தில் ஏற்றம் 37 வீதமாகக் குறையும், அதைப்போல ஐந்து மடங்கு நேரத்தில் ஒரு வீதத்துக்கும் கீழே போய்விடும். சூத்திரம் சரி. ஆனால் எந்தத் தடையைப் போட்டுப் பெருக்குவது என்று தம்பியிடம் யாரும் கேட்கவில்லை. பயிற்சிக் கணக்கில் தடையை அவர்களே தந்துவிடுவார்கள். உங்கள் மோட்டரில் கப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் இறங்கும் வழி எதுவும் இருக்கவில்லை. உள்ளுக்குள் கசிகிற மிகச் சிறிய ஓட்டம் மட்டும்தான். அந்தக் கசிவின் தடை 10 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம், கப்பாசிட்டர் 120 மைக்ரோபரட். பெருக்கினால் 1200 செக்கன், அதாவது 20 நிமிடம். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று என்றாலும் அதன் உச்சி 325 வோல்ற்று. அங்கிருந்து இறங்கத் தொடங்கினால், 20 நிமிடம் கழித்தும் ஏறத்தாழ 120 வோல்ற்று மிச்சமிருக்கும். அப்படி மிச்சமிருந்ததைத்தான் தம்பி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான்.

கொள்ளளவியைக் கரும்பலகையில் கீறிக் காட்டி, வளைகோட்டை மனப்பாடமாக்கி, சோதனைக்கு அனுப்புகிற படிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கப்பாசிட்டர், ஒரு தடையி (ரெசிஸ்டர்), ஒரு மீற்றர் இருந்தால் வகுப்பிலேயே காட்டிவிடலாம். அதைக் காட்டாமல் விட்டதைத் தம்பி கிணற்றடியில் படித்திருக்கிறான்.

சரி, இறங்கும் வழி ஏன் இல்லாமல் போனது? இங்கேதான் உங்கள் மோட்டரின் நோய் இருக்கிறது. ஒரு பேஸ் மோட்டர் தானாகச் சுற்றத் தொடங்காது. மிதி நேர் மேலே நிற்கும்போது சைக்கிளை நேர் கீழே அழுத்தினால் அசையுமா? பக்கத்திலிருந்து ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுக்கத்தான் உள்ளே இரண்டாவது கம்பிச் சுற்று (வைண்டிங்) ஒன்றும், அதற்குத் தொடராகக் கப்பாசிட்டரும் இருக்கின்றன. மோட்டர் வேகமெடுத்ததும் அந்த உதவி தேவையில்லை. அப்போது தண்டில் இருக்கும் சிறு பாரங்கள் சுழற்சி வேகத்தில் வெளியே விரிந்து ஒரு சுவிச்சைத் திறந்து, கப்பாசிட்டரை வெட்டிவிடும். இதை மையநீக்க சுவிச் என்போம். வைண்டிங் கடையில் சென்ரிபியூகல் என்பார்கள். வெட்டுப்படும் நேரத்தில் கப்பாசிட்டரில் என்ன ஏற்றம் இருந்ததோ அது உள்ளேயே அடைபட்டுவிடும். மோட்டர் நின்றதும் சுவிச் திரும்ப மூட வேண்டும். மூடினால் அந்த ஏற்றம் சுற்றுகளின் வழியாகக் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும், அடுத்த முறை மோட்டர் தானாகவும் தொடங்கும்.

உங்களுடைய சுவிச் திரும்ப மூடவில்லை. காலையில் தொடங்கியது, வேகமெடுத்ததும் திறந்தது, நிறுத்திய பிறகும் அப்படியே திறந்து நின்றது. அதனால்தான் மோட்டர் இரைந்தது, தட்டிவிட்டால் ஓடியது, கப்பாசிட்டரும் ஏற்றத்தோடு இருந்தது. மூன்றும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை. கப்பாசிட்டர் மாற்றும்போது மோட்டரைத் தட்டிக் கழற்றிப் பூட்டுகிறார்கள் அல்லவா, அந்த ஆட்டத்தில் சுவிச் விடுபட்டுச் சில நாள் வேலை செய்திருக்கும். நீங்கள் புதுக் கப்பாசிட்டருக்குக் காசு கொடுத்தீர்கள், மோட்டர் ஓடியது அந்தத் தட்டலால்.

நமது பக்கத்தில் இந்தச் சுவிச் கெடுவதற்குக் காரணம் கனக்க வேண்டாம். செம்மண் தூசு, கறையான் மண், குளவிக் கூடு, எறும்பு, நடுவில் அகப்பட்டுக் கருகிய பல்லி. நான் திறந்து பார்த்த மோட்டர்களில் இவை எல்லாம் இருந்திருக்கின்றன. பின் மூடியைத் திறந்து துப்புரவாக்கி, தொடுமுனையை மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, பாரங்களும் வில்லும் தடங்கலில்லாமல் போய் வருகின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முனை எரிந்திருந்தால் சுவிச்சை மட்டும் மாற்றலாம். பார்த்து உறுதி செய்யவும் வழியுண்டு: கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, அதற்கு வந்த இரண்டு வயருக்கும் இடையில் மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மோட்டர் நிற்கும்போது சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுவிச் திறந்திருக்கலாம், அல்லது இரண்டாவது சுற்று அறுந்திருக்கலாம்.

இதைச் செய்ய முன்பு கப்பாசிட்டரை இறக்க வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறது, அது காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். பிளக் கழற்றிய மோட்டருக்கும் ட்ரிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த அடியில் உயிர் போய்விடும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. நான் பயப்படுவது கட்டில்லாத கிணற்றடியில் நின்று கையை உதறிப் பின்னால் விழுவதற்குத்தான். மோட்டரைக் கிணற்றை விட்டுத் தள்ளி எடுத்து வைத்துத்தான் திறக்க வேண்டும்.

இறக்குவதற்குப் பலர் ஸ்குரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து வெடிக்க வைப்பார்கள். வேண்டாம். முனை உருகும், பொறி கண்ணுக்குப் போகும். ஒரு தடையின் வழியாக இறக்குவதுதான் முறை. 230 வோல்ற்று, 40 வாற்று சோல்டரிங் அயன் ஒன்றின் பிளக் கால்களைக் கப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் படும்படி பிடித்தால் ஒரு செக்கனுக்குள் இறங்கிவிடும். நான் ஐந்து வரை எண்ணுவேன். பிளக்கின் பிளாஸ்டிக்கில் மட்டும் பிடிக்க வேண்டும். பழைய இழை பல்ப்பை ஹோல்டரில் போட்டு வயரால் தொட்டாலும் சரி.

இந்தப் பல்ப் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது இழை பல்ப் கடையில் தேடினாலும் கிடைப்பது அருமை. கையில் கிடைப்பது எல்ஈடி பல்ப். இரண்டும் பல்ப்தானே என்று அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எல்ஈடி பல்ப்புக்குள் இருப்பது வெறும் தடையில்லை, ஒரு சின்ன மின்னணுச் சுற்று. ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு மேலே இருக்கும் வரைக்கும்தான் அது ஓட்டத்தை எடுக்கும். அதற்குக் கீழே வந்ததும் எடுப்பதை விட்டுவிடும். பல்ப் மின்னி அணைந்துவிட்டது, இறங்கிவிட்டது என்று நீங்கள் நம்பிக் கை வைப்பீர்கள். உள்ளே பல பத்து வோல்ற்று மிச்சமிருக்கும். முறுக்கிய குழாய்போல இருக்கும் சி.எஃப்.எல். பல்ப்பும் அப்படித்தான், சார்ஜர்களும் அப்படித்தான். வெப்பம் தரும் கம்பி உள்ள சாமான் மட்டும்தான் இதற்குச் சரிவரும். ஸ்திரிக்கைப் பெட்டியும் கம்பிதான், ஆனால் அதன் வெப்பத் திருகி பூச்சியத்தில் இருந்தால் வழி அடைபட்டிருக்கும். கூட்டி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இறக்கிய பிறகும் இந்த வகைக் கப்பாசிட்டரில் கொஞ்ச ஏற்றம் தானாகத் திரும்பி வரும், ஆகவே வேலை முடியும்வரை இரண்டு முனையையும் ஒரு வயர்த் துண்டால் சேர்த்து வையுங்கள்.

இனிப் பெரிய கப்பாசிட்டர் கதை. மோட்டரைத் தொடக்கும் கப்பாசிட்டரில் 108–130 என்று ஒரு வீச்சு அச்சிட்டிருப்பார்கள். மோட்டரைச் செய்தவர் அந்தச் சுற்றுக்கு ஏற்ற தள்ளு வர வேண்டுமென்று பார்த்துப் போட்ட அளவு அது. கூட்டினால் பலம் கூடுமென்றில்லை, சுற்றுதான் சூடாகும். திறந்தபடி நிற்கும் சுவிச்சுக்குப் பின்னால் ஆயிரம் மைக்ரோபரட் போட்டாலும் ஒரு சொட்டு ஓட்டம் போகாது. கடையில் கப்பாசிட்டரைப் பிளக்கில் செருகி எடுத்துப் பொறி பறக்கக் காட்டி, நல்ல சாமான் என்று தருவார்கள். பாதி அளவுக்கு இறங்கிப்போன கப்பாசிட்டரும் அதே மாதிரிப் பொறி பறக்கும். மல்ரிமீற்றரில் மைக்ரோபரட் அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்து, மோட்டரைச் சாக்கில் கட்டி நகரத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தித் தருகிறேன் என்பவர்களிடம் இன்னும் கவனம். திருத்துபவர் ஒருவர், காசு வாங்குபவர் வேறொருவர். நடுவில் நிற்பவருக்குத் தரகுக் காசு கிடைப்பது சாமானில், துப்புரவாக்குவதில் இல்லை. அதனால்தான் கப்பாசிட்டர் போய்விட்டது என்கிறார்கள், அதுவும் சரிவராவிட்டால் வைண்டிங் எரிந்துவிட்டது என்கிறார்கள். எரிந்த வைண்டிங் கறுத்திருக்கும், மணக்கும். மூடியைத் திறந்து உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள், பற்றுச்சீட்டில் அளவையும் வோல்ற்றையும் எழுதி வாங்குங்கள். மிளகாய்க்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நாளில் உங்களுக்கு இருக்கும் அவசரத்தை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை. மின்கம்ப வரிசையின் கடைசித் தோட்டங்களில் காலையில் எல்லோரும் மோட்டர் போடும்போது வோல்ற்று 180 வரை இறங்கினால், மோட்டரின் தொடக்க வலு ஏறத்தாழ 60 வீதமாகக் குறைந்துவிடும். வேகமெடுக்காத மோட்டரில் சுவிச் திறக்காது. சில செக்கனுக்கென்று செய்த கப்பாசிட்டர் நீண்ட நேரம் வேலை செய்து வீங்கி வெடிக்கும். இதற்கு மின்சாரக் கந்தோரில் முறையிட்டால் படிவம் கொடு, வேறு மேசைக்குப் போ, அடுத்த மாதம் வா என்று அலைக்கழிக்கிறார்கள். தோட்டம் காய்ந்துபோகும், கடிதம் கோப்பில் கிடக்கும். தனியாகப் போகாமல் அந்த வரிசையில் உள்ள எல்லோரும் கையொப்பமிட்டு, எந்த நேரத்தில் எத்தனை வோல்ற்று என்று ஒரு கிழமைக்கு அளந்து எழுதிக் கொடுங்கள். அதுவரை, போட்டு மூன்று செக்கனுக்குள் வேகமெடுக்காவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சுவிச்சைத் திருத்தியதும் கப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 15 கிலோஓம், 2 வாற்று தடையி ஒன்றை ஒட்டிவிடச் சொல்லுங்கள். ஒழுங்கான சாமானில் அது ஏற்கெனவே இருக்கும், மலிவானதில் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால் 120 மைக்ரோபரட்டும் பத்து செக்கனுக்குள் இறங்கிவிடும்; எவ்வளவு நேரமென்று தம்பியே கணக்குச் செய்து பார்க்கட்டும். முன்பு கழற்றிய கப்பாசிட்டர்கள் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். இறக்கி, அளந்து பாருங்கள். அச்சிட்ட வீச்சுக்குள் காட்டினால் அவை கெட்டுப்போகவில்லை.