வீட்டு நாய் காவலுக்கு உதவுமா? திருகோணமலைக்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

நாய் வளர்ப்பதும் மற்றவர்கள் வீட்டு நாய்களைப் பழக்கிக் கொடுப்பதும்தான் என் வேலை. காவல் பற்றி என்னிடம் வந்த கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பதில் எழுதுகிறேன். நோய், மருந்து என்று வந்தால் மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும், அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

லிங்கநகரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரை இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேற்றடியில் நாய் கட்டியிருந்தும் ஒரு சத்தம் போடவில்லை. இதை வைத்திருந்து என்ன பயன்?

நாயில் பிழை இல்லை தம்பி. கேற்றடியில் கட்டினால் அது கேற்றைத்தான் காக்கும். உங்கள் கிணறு வீட்டுக்குப் பின்னால், நடுவில் முழு வீடும் நிற்கிறது, காற்றும் நாய்ப் பக்கமிருந்து கிணற்றுப் பக்கம் அடித்திருந்தால் ஆளின் மணம்கூட அதற்கு எட்டியிருக்காது. மனிதக் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் சங்கிலியில் நிற்கும் நாய்க்குக் கேட்டாலும் போய்ப் பார்க்க முடியாதே. சங்கிலி எட்டும் வட்டத்துக்கு வெளியே நடப்பது தன் பொறுப்பில்லை என்று அது நாளடைவில் பழகிவிடும்.

இன்னொன்று, வந்தவன் நாய்க்குத் தெரிந்தவனாக இருக்கலாம். தேங்காய் பறிக்க, கிணறு இறைக்க, மேசன் வேலைக்கு என்று வந்து நாலு நாள் பிஸ்கட் போட்ட ஆளைப் பார்த்து நாய் வாலாட்டத்தான் செய்யும். அதற்காக வந்துபோன எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. வேலைக்கு ஆட்கள் வரும் நாட்களில் நாயை உள்ளே போட்டுவிடுங்கள், அவர்கள் கையால் சாப்பாடு போட விடாதீர்கள். வளவு வேலி சரியாக இருந்தால் இரவில் அவிழ்த்து விடுங்கள். புது மோட்டரை இரும்புக் கூடு அடித்துப் பூட்டுங்கள், அது நாயின் வேலை இல்லை.

பாலையூற்றிலிருந்து: காவலுக்கு அல்சேஷன் வாங்கவா, ரொட்வைலர் வாங்கவா?

இரண்டும் வேண்டாம், நாட்டு நாய்க்குட்டி எடுங்கள். சித்திரைக்குப் பிறகு நம் ஊரில் கச்சான் காற்று எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். அடர்ந்த மயிருள்ள அல்சேஷன் பகல் முழுவதும் மூச்சிரைத்துக்கொண்டு சீமெந்துத் தரையில் படுத்துக் கிடக்கும், அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நாட்டு நாய்க்குக் குட்டை மயிர், மெலிந்த உடம்பு, இந்த வெக்கைக்கே பழகிய இனம். லேசான நித்திரைதான் கொள்ளும், வேலியில் ஓலை அசைந்தாலும் தலை தூக்கும். பெரிய நாயின் தோற்றத்துக்குக் கள்ளன் பயப்படுவான் என்பதை மறுக்கவில்லை, ஆனால் ரொட்வைலரைக் கையாளப் பழகாத வீட்டில் அந்த நாயால் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

தம்பலகாமத்திலிருந்து: குட்டியிலிருந்தே கட்டிவைத்து, யாரையும் கிட்ட விடாமல் வளர்த்தால்தான் கடுமையாக வரும் என்கிறார்களே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிறந்து மூன்றாம் கிழமையிலிருந்து பதினான்காம் கிழமை வரை குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்கு வழமையான உலகம். அந்த நேரத்தில் அடைத்து வைத்தால் பின்னர் எல்லாவற்றுக்கும் பயப்படும். பயந்த நாய்தான் கடிக்கும், அதுவும் கள்ளனையா கடிக்கும்? தபால்காரரை, ரியூஷனுக்கு வரும் பிள்ளையை, உங்கள் மாமியாரைக் கடிக்கும். ஓட்டோச் சத்தம், குடை, ஹெல்மெட் போட்ட ஆள், கோயில் மேளம் எல்லாம் காட்டி வளருங்கள். எது வழமை என்று தெரிந்த நாய்க்குத்தான் எது வழமை இல்லை என்றும் தெரியும், அப்போதுதான் அதன் குரைப்பை நம்பி நீங்கள் எழும்பலாம்.

உவர்மலையிலிருந்து: கள்ளன் வந்தால் உண்மையிலேயே கடிக்குமா?

பெரும்பாலான வீட்டு நாய்கள் கடிக்காது, தள்ளி நின்று குரைக்கும். அது போதும். நாயின் காவல் என்பது ஆட்களை எழுப்பிவிடுவதுதான்.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு அக்கா: கணவர் கட்டாரில், நானும் இரண்டு பிள்ளைகளும்தான். இரவில் நாயை வெளியில் விடவா, உள்ளே வைக்கவா?

அக்கா, விறாந்தையிலோ குசினிக் கதவடியிலோ, உங்கள் காதுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மதிலடியில் தனியாக நிற்கும் நாய்க்குக் கள்ளன் நஞ்சு வைத்த இறைச்சியை எறிந்துவிட்டுப் போகலாம், வீட்டோடு ஒட்டிப் படுக்கும் நாயிடம் அது சுலபமில்லை. படுக்கப் போகுமுன் வயிறு நிறையச் சாப்பாடு வையுங்கள், நீங்கள் அதன் தட்டில் போட்டால் மட்டும் சாப்பிடப் பழக்குங்கள். எவ்வளவு பழக்கினாலும் இறைச்சியைக் கண்டால் தடுமாறும் நாய்கள் உண்டு, அதனால் பழக்கத்தை மட்டும் நம்பவேண்டாம். ஒருவேளை வாயில் நுரை, நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உப்புத் தண்ணீர், தேசிக்காய்ச் சாறு என்று எதையும் வாய்க்குள் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும், நேரே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

முக்கியமான விஷயம், நாய் ஒரே திசையைப் பார்த்து, முதுகு மயிர் சிலிர்த்து, விடாமல் குரைத்தால் கதவைத் திறந்து பார்க்கப் போகவேண்டாம். உள்ளிருந்தே வெளி லைற்றைப் போடுங்கள், பக்கத்து வீட்டுக்கு அழையுங்கள், ஆள் நடமாட்டம் தெரிந்தால் பொலிசுக்கு 119. தூரத்து நாய்களுக்குப் பதில் சொல்லும் குரைப்பு வேறு மாதிரி, ஊளையும் கலந்து வரும், கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். குரைத்ததற்காக நாயை அடிக்காதீர்கள். எழும்பி வந்து பார்த்து, "சரி, போதும்" என்று சொன்னால் அடங்கப் பழகிக்கொள்ளும்.

சாம்பல்தீவிலிருந்து: எங்கள் நாய் மீன்காரரைக் கடித்துவிட்டது. ஊசி போட்ட நாய்தான், பயமில்லையே?

அப்படிச் சொல்லி விட்டுவிடாதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும், பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே விசர்நாய்க்கடிக்கு இலவசமாகவே ஊசி போடுவார்கள், தேவையா இல்லையா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். நோயின் அறிகுறி வந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நாய்க்குப் போட்ட ஊசி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள், வருடா வருடம் போட்டதா என்று பாருங்கள். அவருடைய செலவைப் பொறுப்பெடுங்கள். இனிமேல் அவர் வரும் நேரம் நாய் உள்ளே இருக்கட்டும்.

கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்: இரவில் அவிழ்த்து விட்டால் மான்களைத் துரத்துகிறது. என்ன செய்வது?

அப்படியானால் அவிழ்த்து விடவேகூடாது, முதலில் வேலியைச் சரிபாருங்கள். ஃபிரெட்ரிக் கோட்டையடியிலும் ரவுனுக்குள்ளும் திரியும் புள்ளிமான்கள் ஏற்கனவே பொலித்தீன் தின்றும் வாகனத்தில் அடிபட்டும் சாகின்றன, நாயும் சேர்ந்தால் குட்டிகள் மிஞ்சாது. தெருவில் ஓடும் நாய் உங்கள் வீட்டைக் காக்கவும் இல்லை.

நிலாவெளியிலிருந்து: கடுவன்தான் காவலுக்கு நல்லதா?

பெட்டையும் அதே அளவு காக்கும், வளவை விட்டு அலைவது குறைவு என்பதால் சில வீடுகளுக்கு அதுவே நல்லது. குட்டி போடும் என்று பயந்துதான் பெட்டைக் குட்டிகளைச் சந்தையடியிலும் கடற்கரையிலும் கொண்டுபோய் விடுகிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பயம் இல்லை, காவல் குணமும் குறையாது. குட்டி எடுக்க யோசிப்பவர்கள் பெட்டைக் குட்டியையே கேட்டு எடுங்கள்.