வீட்டை அடமானம் வைத்து இசையமைப்பாளர் ஆக வேண்டாம்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மேற்கத்திய செவ்வியல் இசையில் கம்போசர் ஆக ஆசை. அவள் சித்தப்பாவோ, “படித்தால் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரி, இல்லாவிட்டால் இன்ஜினியரிங்” என்கிறார். கவலை வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரியில் வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள்.

ஜூலியார்டை நான் குறை சொல்லவில்லை. புகழ்பெற்ற அமெரிக்க கம்போசர் பிலிப் கிளாஸ் அங்கே படித்தவர்தான். அதன்பின் பாரிஸில் நாடியா புலாஞ்செ என்ற பெயர்பெற்ற இசை ஆசிரியையிடமும் படித்தார். 1976-ல் கிளாஸின் ஆபரா, அதாவது இசை நாடகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் நிறைந்த கூட்டத்துக்கு நடந்தது. முடிந்ததும் அவர் திரும்பிப் போனது டாக்சி ஓட்ட! குழாய் வேலையும் பார்த்திருக்கிறார். நாற்பது வயது தாண்டிய பிறகே இசை அவருக்குச் சோறு போட்டது. வங்கித் தவணை அவ்வளவு காலம் பொறுக்காது. கட்டணமே இல்லாத, அமெரிக்காவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கட்டும், தவறில்லை. ஆனால் அங்கே எடுப்பது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

சித்தப்பா கேள்விப்பட்டிராத ஒரு வேலை இருக்கிறது: காப்பியிஸ்ட். கம்போசர் எழுதும் ஸ்கோரில் எல்லாக் கருவிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும். வாசிப்பவருக்கு வேண்டியது அவருடைய வரி மட்டும். அதைத் தனித்தனிப் பார்ட்டாகப் பிரித்துத் தருபவர் இவர். கம்ப்யூட்டர் பிரித்துவிடுமே என்பீர்கள். பிரிக்கும். பக்கம் திருப்பும் இடத்தில் வயலின்காரருக்குக் கை ஓய்கிறதா என்று ஆள்தான் பார்க்க வேண்டும். நாற்பது பார் (தாளக் கட்டங்கள்) சும்மா இருக்கும் டிராம்போன்காரருக்கு, அவர் நுழைவதற்குச் சற்று முன் ஓபோ என்ற குழல் வாசிப்பதைப் பொடி எழுத்தில் காட்ட வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும், அதனால் ‘சி’ ஒலிக்க ‘டி’ என்று எழுத வேண்டும். ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் ஃபிளாட் குறி ஒன்று விட்டுப்போனால் ஒத்திகையில் எண்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

பக்கக் கணக்கில் கூலி, பணம் கொட்டாது. ஆனால் கூலி வாங்கிக்கொண்டே படிக்கிற படிப்பு இது. கிளாஸுக்கும் பாரிஸில் இப்படி ஒரு வேலை கிடைத்தது: சிதார் மேதை ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்தியக் கலைஞர்களுக்காக எழுதித் தருவது. தாளக் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகளைப் போட்டதும் தாளம் தப்பியது. தபலாக்காரர் அல்லா ரக்கா ஒவ்வொரு முறையும் திருத்தினார். கோடுகளை அழித்த பிறகுதான் சரியானது. கிளாஸின் பிற்கால இசைக்கு அந்த ஒத்திகை அறையும் ஒரு தொடக்கம்.

மகள் எழுதிய மூன்று இசைப் பக்கங்களையும் பார்த்தேன். ஹார்ப் என்ற பெரிய நரம்புக் கருவியில் ஏழு மிதிகள் உண்டு, ஸ்வரம் மாற்றக் காலால் மிதிக்க வேண்டும். கால் எட்டாத வேகத்தில் ஓர் இடத்தை எழுதி, தவறைத் தானே கண்டுபிடித்து அழித்திருக்கிறாள். தாளே தேய்ந்திருக்கிறது. மேடையேற மறுக்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். மறுக்கட்டும். பியானோ போட்டிகளுக்கு இழுத்துக்கொண்டு போவதை இந்த மாதமே நிறுத்துங்கள். அவள் நாட்டம் தாளில் இருக்கிறது.

நான்கு கருவிகளுக்கு நான்கு நிமிட இசை எழுதச் சொல்லுங்கள். இசைக் குறிகளை எழுதும் மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம். பார்ட்டுகளை அவளே பிரிக்கட்டும். நான்கு பேரை வாசிக்கவைத்து, அவர்கள் தடுமாறி நிற்கும் இடங்களில் பென்சிலால் குறி வைக்கட்டும். அந்தத் தாள்களோடு அடுத்த முறை வாருங்கள். சித்தப்பாவையும் அழைத்து வரலாம், அடமானப் பத்திரம் மட்டும் வேண்டாம்.