ஆபு மலைச் சமணக் கோயில்களின் கல்வெட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆபு மலையில் தில்வாராவின் விமல வசஹி கோயில் 1031இல் கட்டியது என்கிறார்களே, அந்தக் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதா?

பதில்: அந்த ஆண்டைச் சொல்வது பிற்காலக் கல்வெட்டு. இடிபட்ட கோயிலை விக்ரம சம்வத் (கி.பி.யைவிட 56 அல்லது 57 கூடுதலான வட இந்திய ஆண்டுக் கணக்கு) 1378இல் புதுப்பித்தவர்கள்தான் விமலன் சம்வத் 1088இல், அதாவது 1031இல், ஆதிநாதருக்குக் கோயில் எடுத்ததைப் பதிந்தார்கள். எனவே 1031ஐ ஒவ்வொரு தூணுக்கும் ஒட்டக் கூடாது. ரங்கமண்டபம் 1150ஐ ஒட்டி அமைச்சர் பிருத்விபாலன் சேர்த்தது. சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளுக்குத் தனித்தனிக் கொடையாளி, தனித்தனி ஆண்டு. தேதி எதற்கு உரியது, கோயிலுக்கா, சிலைக்கா, சன்னதிக்கா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: சம்வத்தைக் கி.பி. ஆண்டாக்க 57 கழித்தால் போதும்தானே?

பதில்: போதாது, பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ராஜஸ்தானில் பொதுவாகச் சைத்ர மாதத்தில் (மார்ச்-ஏப்ரல்) ஆண்டு பிறக்கும். குஜராத்தில் தீபாவளிக்கு மறுநாள், கார்த்திக மாதத்தில் (அக்டோபர்-நவம்பர்). கார்த்திகம் முதல் டிசம்பர் வரை இரண்டு முறையிலும் 57. ஜனவரி முதல், சைத்ரத்துக்கு முந்தைய பால்குனம் முடியும்வரை 56. சைத்ரம் முதல் ஆசுவினம் (செப்டம்பர்-அக்டோபர்) வரைதான் சிக்கல்: ராஜஸ்தான் முறையில் 57, குஜராத் முறையில் 56. தீர்ப்பது கல்வெட்டில் உள்ள கிழமை.

மேலே சொன்ன 1378 கல்வெட்டு ஆண்டைச் சொற்களால் தருகிறது: வசு (8), முனி (7), குணம் (3), சசி (1). வலமிருந்து இடமாகப் படித்தால் 1378. நாள் ஜேஷ்ட மாதம் வதி (தேய்பிறை) 9, திங்கள். 57 கழித்து 1321 என்றால் அந்தத் திதி திங்களில் விழாது. 56 கழித்தால் 1322 மே 10, திங்கள், சரியாக உட்காரும்.

விலக்கும் உண்டு. தேஜபாலன் கட்டிய, அங்கேயே உள்ள லூண வசஹி கோயில்: சம்வத் 1287 பால்குன வதி 3, ஞாயிறு. பால்குனம் என்பதால் 56 கழித்தால் 1231. கிழமை பொருந்துவதோ 1230 மார்ச் 3இல். வழக்கம்போல் முடிந்த ஆண்டுகளை எண்ணாமல், அப்போது நடந்துகொண்டிருந்த ஆண்டை எழுதியிருக்கிறார்கள். கிழமை சரிபார்க்காத மாற்றத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி: தேவநாகரி தெரியும். ஆனாலும் சொற்கள் குழம்புகின்றன. ஏன்?

பதில்: ஏகார மாத்திரையை எழுத்தின் தலைமேல் போடாமல் இடப்பக்கம் நேர்க்கோடாகப் போடும் வழக்கம் சமண எழுத்தில் மிகுதி. நம் கொம்பு போலத்தான். அதை முந்தைய எழுத்தின் நெடில்கோடாக எண்ணினால் சொல்லே மாறிவிடும். தொடக்கத்தில் 90 போலத் தெரிவதும் எண் அல்ல. அது மங்கலக் குறி.

கேள்வி: உலோகச் சிலைக்குப் பின்னால் உள்ள வரிகளில் என்ன இருக்கும்?

பதில்: பெரும்பாலும் ஒரே வரிசை: சம்வத், மாதம், சுதி (வளர்பிறை) அல்லது வதி, திதி, கிழமை, பிராக்வாட, ஸ்ரீமால போன்ற சமூகப் பெயர், கொடையாளியும் குடும்பமும், யாருடைய நன்மைக்காக, எந்தத் தீர்த்தங்கரர், பிரதிஷ்டை செய்த ஆசாரியர், அவருடைய கச்சம் (துறவியர் பிரிவு). 'ஸ்ரே' என்றால் சிரேஷ்டி (வணிகர்), 'பா' என்றால் பார்யா (மனைவி), 'சு' என்றால் சுதன் (மகன்). இந்தச் சுருக்கங்களைப் பெயரோடு சேர்த்துப் படித்துவிடாதீர்கள். துலக்கப் புளியோ எலுமிச்சையோ வேண்டாம், அமிலம் எழுத்தைத் தின்னும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே தேய்ந்த கோடும் எழும்பும்.

கேள்வி: தில்வாராவில் படம் எடுக்கலாமா?

பதில்: உள்ளே அனுமதி இல்லை. அச்சான வாசகத்தை முன்பே படித்துக்கொண்டு போங்கள்.