தங்க முலாமும் தளர்ந்த பிடிப்பும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு ஒலிக்கருவிகள்

கேள்வி: என் ஆம்ப்ளிஃபையருக்குப் பன்னிரண்டு வயதாகிறது. சில மாதங்களாக இடப்பக்க ஸ்பீக்கரில் ஒலி விட்டுவிட்டு வருகிறது. சில சமயம் ‘உம்’மென்ற இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. பின்னால் கைவிட்டு ஆர்சிஏ பிளக்கை (நடுவில் ஒரு முள்ளும் சுற்றிலும் ஓர் உலோக வளையமும் உள்ள ஒலிக் கேபிளின் செருகி) லேசாக அசைத்தால் சரியாகிறது, மறுவாரம் பழைய கதைதான். தங்க முலாம் பூசிய நல்ல கேபிள் வாங்கினால் தீருமா?

பதில்: கேபிளுக்குச் செலவு செய்யுமுன் பழுது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் பின்பலகையில் இடது பிளக்கை வலது சாக்கெட்டிலும் வலது பிளக்கை இடது சாக்கெட்டிலும் மாற்றிச் செருகுங்கள். கோளாறு வலப்பக்க ஸ்பீக்கருக்குத் தாவினால், பழுது கேபிளிலோ அதற்கு முன்னால் உள்ள கருவியிலோ இருக்கிறது. இடப்பக்கத்திலேயே நின்றால் ஆம்ப்ளிஃபையரின் சாக்கெட்டிலோ அதற்கு உள்ளேயோ ஸ்பீக்கர் பக்கத்திலோ இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, சாக்கெட்டின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஒலி அறுபடுவது நடுமுள்ளின் தொடர்பு விடுபடுவதால்; இரைச்சல் வருவது வெளிவளையத்தின், அதாவது எர்த் பாதையின், தொடர்பு விடுபடுவதால். இரண்டும் மாறி மாறி வருமானால், சாக்கெட் முழுவதுமே ஆடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இணைப்பு பிறந்த கதையும் இங்கே நினைவுகொள்ளத் தக்கது. 1930-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம், ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே மரப்பெட்டிக்குள் இருந்த காலத்தில், இரண்டையும் உள்ளுக்குள்ளேயே இணைப்பதற்காக இதைச் சிக்கனமாக உருவாக்கியது. ஒருமுறை செருகிவிட்டால், பெட்டியைப் பழுதுபார்க்கப் பிரிக்கும் நாள்வரை அதை யாரும் தொடப்போவதில்லை என்பதே அன்றைய கணக்கு. அதனால்தான் அதற்குப் பூட்டு கிடையாது. நான்கு கீற்றாகப் பிளந்த வெளிவளையத்தின் பிடிப்பு ஒன்றே அதைத் தாங்குகிறது. அதைத்தான் நாம் இன்று வாரத்துக்கு இரண்டு முறை பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறோம்.

விலை குறைந்த கருவிகளில் நான்கைந்து சாக்கெட்டுகளை ஒரே பிளாஸ்டிக் கட்டையில் அமைத்து, நேராக சர்க்யூட் போர்டில் பற்றவைத்துவிடுவார்கள். கட்டையைப் பின்பலகையோடு பிணைக்க ஒரு ஸ்க்ரூ இருந்தால் அதிர்ஷ்டம். அது இல்லையென்றால், பிளக்கை இழுக்கும்போதெல்லாம் அந்த விசை முழுவதும் பற்றவைத்த ஈயத்தின் மீதே இறங்குகிறது. என்னுடைய பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சாக்கெட்டின் காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு கருவளையம் தெரிந்தது. அந்த விரிசலுக்காக அதற்குள் இரண்டு கேபிள்களை மாற்றியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். எனவே பழக்கமில்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஒருவேளை சாக்கெட் உறுதியாக இருந்து பிளக் மட்டும் தளர்ந்திருந்தால், வெளிவளையத்தின் கீற்றுகளைக் குறட்டால் மெல்ல, மிக மெல்ல, உள்நோக்கி அழுத்தினால் போதும். திருகி இறுக்கும் வகைக் கனமான பிளக்குகளை உங்களுடையது போன்ற கருவிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுக்கியதைத் தளர்த்த மறந்து இழுத்தால், சாக்கெட்டின் வளையமே கையோடு வந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் தங்க முலாம் வெறும் விளம்பரம்தானா?

பதில்: இல்லை, ஆனால் அதன் பயன் வேறு. மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கம், வெள்ளிக்கும் செம்புக்கும் பின்னால்தான் நிற்கிறது. அது துருப்பிடிப்பதில்லை, கறுப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. வெள்ளியோ காற்றில் உள்ள கந்தகத்தால் கறுத்துவிடும். சிடி பிளேயரிலிருந்து வரும் சிக்னலைப் பெறும் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை, பெரும்பாலும் பத்தாயிரம் ஓமுக்குக் குறையாது. அதன் எதிரே இணைப்பில் உள்ள ஓர் ஓமின் பின்னம் காதுக்குத் தெரியப்போவதில்லை. தெரிவது அந்தத் தடை நிலையில்லாமல் ஏறி இறங்கும்போதுதான், கரகரப்பாக. இசைத்தட்டுக் கருவியின் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் என்பதால், அழுக்கேறிய இணைப்பு முதலில் காட்டிக்கொடுப்பது இசைத்தட்டுக் கருவியில்தான். முலாம் மங்கிவிட்டதென்று உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மெல்லிய முலாம் போய்ப் பித்தளை வெளியே வந்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியே போதும்.

கேள்வி: ஸ்பீக்கர் இணைப்புகளுக்கும் இதே கணக்குதானா?

பதில்: அங்கே கணக்கு தலைகீழ். ஸ்பீக்கரின் மின்தடையே 4 அல்லது 8 ஓம்தான். பாயும் மின்னோட்டமும் அதிகம். எனவே தளர்ந்த இணைப்பு உண்மையிலேயே ஆற்றலைத் தின்னும், சூடாகும். கம்பி நுனிக்கு ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஈயக் கலவை மிருதுவானது என்பதால் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகும். சில மாதம் கழித்துப் பார்த்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். வெறும் செம்புக் கம்பியை நன்றாக முறுக்கி இறுக்குவதே மேல், ஆனால் ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. அந்த ஓர் இழை ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையே பலிவாங்கக்கூடும்.

வாழைப்பழ பிளக் என்று சொல்கிறோமே, அந்த 4 மில்லிமீட்டர் பிளக் வசதியானது. சாக்கெட்டின் துளையைப் பிளாஸ்டிக் அடைப்பால் மூடி விற்கிறார்களே, ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. ஐரோப்பாவின் சிறிய இருமுள் வீட்டு மின்செருகியின் முள்ளும் அதே 4 மில்லிமீட்டர்தான். யாரும் அதைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் துளையில் செருகிவிடக்கூடாது என்பதற்காகவே அந்த அடைப்பு.

கேள்வி: கருவி இயங்கும்போது ஆர்சிஏ பிளக்கைச் செருகினால் பெரிய சத்தம் வருகிறதே, மூன்று முள்ளுள்ள எக்ஸ்எல்ஆர் பிளக்கில் வருவதில்லையே?

பதில்: ஆர்சிஏயில் நடுமுள் முதலில் தொடும், எர்த் வளையம் பின்னால் சேரும். இடைப்பட்ட நொடியில் எர்த் இல்லாத சிக்னல் முழு இரைச்சலாக ஸ்பீக்கருக்குப் போகிறது. எக்ஸ்எல்ஆரில் எர்த்துக்கான முதல் முள்தான் மற்ற இரண்டுக்கும் முன்பே தொடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கொக்கிப் பூட்டும் உண்டு. உங்களிடம் இருப்பது ஆர்சிஏ என்றால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுச் செருகுங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து, சற்றே திருப்பியபடி வெளியே எடுங்கள்.