கரீபியனா, இந்தோனேசியாவா: பவளப்பாறை பார்க்க எந்தக் கடலுக்குப் போகலாம்?

பவளப்பாறை பார்க்க எந்தக் கடலுக்குப் போகலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கொடைக்கானலில் வாழ்ந்துகொண்டே ஸ்கூபா (காற்று உருளையுடன் கடலில் மூழ்குவது) கற்றிருக்கிறீர்கள் என்று படித்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. நானும் மலைக்காரன்தான், கோத்தகிரி. வாழ்நாளில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம்தான் முடியும் என்கிறீர்கள். அப்படியென்றால் இந்தோனேசியாவுக்குப் போங்கள்.

இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுகளை உள்ளடக்கிய பவள முக்கோணம் என்ற கடற்பகுதியில் சுமார் 600 வகைக் கல்பவளங்கள் இருக்கின்றன. கரீபியனில் 60, 70 தான். ராஜா அம்பட்டில் முதல் நாள் ஒரு பாறையின் முன்னால் நின்றவன் அதைவிட்டு நகரவே இல்லை. உருளையில் பாதிக் காற்று அங்கேயே தீர்ந்தது. சோலைக்காட்டில் கிழ மரத்தின் அடியைப் பார்த்திருப்பீர்கள். பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பட்டையே தெரியாது. அந்தப் பாறையும் அப்படித்தான் இருந்தது.

கரீபியனில் பொனேர் தீவில் இறங்கியதும் கோமாளி மீனைத் தேடினேன். அது அட்லாண்டிக்கில் எங்குமே கிடையாது. ராட்சதச் சிப்பியும் கிடையாது. மூன்றாம் நாள்தான் கண் பழகியது. ஊதா நிறக் கடல் விசிறிகள் கூட்டமாக ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன, நம் மலைப் புல்வெளியில் காற்று நடப்பது போல. ஓர் ஆள் உள்ளே உட்காரும் அளவுக்குப் பீப்பாய்க் கடற்பஞ்சுகளும் இருந்தன.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் வட, தென் அமெரிக்காவை இணைக்கும் பனாமா நிலப்பகுதி. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது எழுந்து அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் பிரித்துவிட்டது. நீலகிரியையும் பழனி மலையையும் பிரிக்கும் பாலக்காட்டுக் கணவாய் நமக்கு இருக்கிறதே, அதைப் போல. என் வீட்டுப் பின்புறச் சோலையில் கூவுவது நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை. உங்கள் பக்கம் கூவுவது பழனிச் சிரிப்பான். இதில் எது உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. கரீபியனை ஏழைக் கடல் என்று சிலர் எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் அது அடிபட்ட கடல். பாசியை மேய்ந்துவந்த கரிய நிறக் கடல் முள்ளெலிகள் 1983-84இல் நோயில் மாண்டன. மேய ஆளில்லாமல் பாசி பவளத்தை மூடியது. நம் பக்கத்துச் சிங்க மீன் வேறு அங்கே குடியேறி உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்கிறது. ராஜா அம்பட்டில் நான் மூச்சடக்கி ரசித்த அதே மீனைப் பொனேரில் வழிகாட்டி ஈட்டியால் குத்தினார். நம் புல்வெளிகளில் பரவிய வெளிநாட்டு வாட்டில் மரத்தை வெட்டச் சொல்லிக் கேட்கும் நமக்கு அது புரியும்.

இந்தோனேசியாவுக்கு முன் லட்சத்தீவில் மூழ்குங்கள். 1998, 2010, 2016, 2024 என்று வெப்பத்தில் வெளிறிய பாறைகள் அவை. எது செத்தது, எது மீண்டும் துளிர்க்கிறது என்பதை அங்கே பார்த்துவிட்டால், பிறகு எந்தக் கடலையும் பார்க்கும் கண் வந்துவிடும்.

மலைவாசிகள் மறக்கக்கூடாதது ஒன்று. தூத்துக்குடிப் பக்கம் மூழ்கிவிட்டு அன்றே கொடைக்கானல் ஏறிவிடாதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். விமானம் ஏறுவது போன்ற ஆபத்து. குறைந்தது 18 மணி நேரம் கீழேயே இருங்கள். நான் மதுரையில் ஒரு முழு நாள் தங்கிவிட்டுத்தான் மலையேறுவேன்.