பேங்காக்ல கல்யாணம் பண்ணிட்டு வந்தா சிங்கப்பூர்ல செல்லுமா?

கேள்வி ரொம்ப நீளமா வந்துச்சு, சுருக்கி போடறேன். "அக்கா, எனக்கு 34 வயசு, என் பார்ட்னருக்கு 36. ரெண்டு பேரும் பொண்ணுங்க, ரெண்டு பேரும் சிங்கப்பூர் சிட்டிசன், வாடகை வீட்டுல ஒண்ணா இருக்கோம். தாய்லாந்துல இப்ப ரெஜிஸ்டர் பண்ணிக்கலாமாமே, பேங்காக் போய் முடிச்சிட்டு வந்தா இங்க செல்லுமா? பிளாட் வாங்க முடியுமா? நாளைக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா மத்தவளுக்கு என்ன உரிமை இருக்கு? அவ வீட்டுல என்னை சுத்தமா பிடிக்காது."

செல்லாதும்மா. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா டிக்கெட் போட்டுட்டு அப்புறம் கேக்கறவங்கதான் அதிகம்.

தாய்லாந்து விஷயம் உண்மைதான். 2025 ஜனவரி 23-லேருந்து அங்க ரெண்டு ஆம்பளையோ ரெண்டு பொம்பளையோ சட்டப்படி கல்யாணம் பதிஞ்சுக்கலாம், தென்கிழக்கு ஆசியாவுல அதுதான் முதல் நாடு, ஆசியாவுல தைவானுக்கும் நேபாளத்துக்கும் அடுத்தது. சிவில் சட்டத்துல ஆண், பெண், கணவன், மனைவின்னு இருந்ததை எல்லாம் எடுத்துட்டு ரெண்டு நபர், வாழ்க்கைத்துணைன்னு மாத்திட்டாங்க, வயசு 18 ஆகியிருக்கணும். சொத்து, வாரிசு, தத்து எடுக்கறது எல்லாமே உண்டு. வெளிநாட்டுக்காரங்க பதியணும்னா நான் கல்யாணம் ஆகாதவள்னு சொந்த நாட்டுலேருந்து ஒரு பேப்பர் கேப்பாங்க, அதை தாய் மொழியில மாத்தி அங்க வெளியுறவு அமைச்சுல முத்திரை வாங்கி மாவட்ட ஆபீஸ்ல கொடுக்கணும். உங்க கேஸ்ல ரெண்டு பேருமே வெளிநாடு, அதனால எந்த ஆபீஸுக்கு போகப்போறீங்களோ அந்த ஆபீஸ்லயே என்னென்ன வேணும்னு முன்கூட்டியே எழுத்துல வாங்கிக்கங்க, ஏஜென்ட் சொல்றதை மட்டும் நம்பி போகாதீங்க.

சரி, சர்டிஃபிகேட் கைக்கு வந்துடுச்சுன்னே வைங்க. சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினதும் அதுக்கு சட்ட மதிப்பு கிடையாது. நம்ம மாதர் சாசனம் இருக்கே, 1961-ல வந்த விமன்ஸ் சார்ட்டர், அதோட 12-ஆவது பிரிவு சொல்றது இதுதான்: கல்யாணம் நடந்த அன்னிக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆணும் ஒருத்தர் பெண்ணுமா இல்லன்னா அந்த கல்யாணம் செல்லாது, அது சிங்கப்பூர்ல நடந்திருந்தாலும் சரி வேற எங்க நடந்திருந்தாலும் சரி. அந்த "வேற எங்க நடந்திருந்தாலும்"லதான் நீங்க மாட்டறீங்க. பேங்காக்கோ தைபேயோ சிட்னியோ, எந்த ஊரு முத்திரை குத்தினாலும் இங்க ஒரே பதில்தான். அதே பிரிவுல இன்னொரு விஷயமும் இருக்கு, நிறைய பேருக்கு தெரியறதில்ல: பாலின மாற்று சிகிச்சை செஞ்சவங்களை மாறின பாலினமாத்தான் சட்டம் எடுத்துக்கும். அதனால சிகிச்சை முடிச்ச ஒரு திருநங்கை ஒரு ஆணை இங்கயே பதிவுத் திருமணம் பண்ணிக்கலாம்.

இதுக்கு வழக்கமா வர்ற அடுத்த கேள்வி, "377ஏ போயிடுச்சே அக்கா, அப்போ கல்யாணமும் வரும்தானே?" 377ஏ ஆம்பளைங்களுக்கு நடுவுல இருந்த உறவைத்தான் குற்றம்னு சொல்லிச்சு, பொம்பளைங்களை அது எப்பவுமே தொட்டதில்ல, உங்க ரெண்டு பேருக்கும் அது போனதால சட்டத்துல நேரடியா எதுவும் மாறலை. 2022 நவம்பர் 29-ஆம் தேதி பார்லிமென்ட் அதை நீக்கினப்பவே இன்னொரு வேலையும் செஞ்சாங்க. அப்ப சட்ட அமைச்சரா இருந்த சண்முகம் ஏற்கெனவே சொல்லியிருந்தார், கோர்ட்டுல யாராவது கேஸ் போட்டு சமத்துவ உரிமையை வச்சு கல்யாண சட்டத்தை உடைக்கிற ஆபத்து இருக்குன்னு. அதனால அரசியலமைப்புல 156-ஆவது பிரிவுன்னு புதுசா ஒண்ணு சேர்த்தாங்க. கல்யாணம்னா ஆணும் பெண்ணும்னு ஒரு சட்டம் சொல்லுதுன்னா, அடிப்படை உரிமைக்கு எதிரா இருக்குங்கிற காரணத்தை காட்டி அதை கோர்ட் செல்லாதுன்னு சொல்ல முடியாது. ஒரு கையால எடுத்ததை இன்னொரு கையால பூட்டினாங்க, அவ்வளவுதான் என் பார்வை.

ஆனா கவனிங்க, கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான்னு அரசியலமைப்பே எழுதி வைக்கலை. பூட்டினது கோர்ட் வாசலை மட்டும். பார்லிமென்ட் நினைச்சா சாதாரண மெஜாரிட்டியில மாதர் சாசனத்தை மாத்தலாம். நினைக்குமான்னு கேட்டீங்கன்னா, லாரன்ஸ் வோங் பிரதமர் ஆகறதுக்கு முன்னாடியே, தன் காலத்துல மாத்த மாட்டோம்னு சொல்லிட்டார், 2025 தேர்தல்ல 97 சீட்ல 87 அவங்க கட்சிக்கு. கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

இன்னொண்ணு, இதை யாரும் கல்யாண ஜோர்ல யோசிக்கறதில்ல. அங்க பதிஞ்ச கல்யாணம் அங்க உயிரோடதான் இருக்கும். நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒத்து வரலை, பிரியணும்னா சிங்கப்பூர் குடும்ப கோர்ட்டுல டிவோர்ஸ் கேக்க முடியாது, ஏன்னா இங்க அது கல்யாணமே இல்ல. தாய்லாந்துல ரெண்டு பேரும் சம்மதிச்சு சாட்சியோட மாவட்ட ஆபீஸ்ல போய் நிக்கணும், ஒருத்தர் வரமாட்டேன்னா அங்க கோர்ட்டு, அங்க வக்கீல், அங்க செலவு. பிரிஞ்சு போனவங்களை மறுபடி பேங்காக் ஃபிளைட்ல ஒண்ணா ஏத்தறது லேசில்ல. அதே மாதிரி ஆஸ்திரேலியா போய் செட்டில் ஆகற பிளான் இருந்தா அந்த நாடு உங்க கல்யாணத்தை ஏத்துக்கும், அங்க விசா ஃபார்ம்ல கல்யாணம் ஆனவள்னுதான் எழுதணும், இங்க ஹெச்டிபி, அதாவது அரசு வீட்டு வாரிய ஃபார்ம்ல சிங்கிள். வேண்டாம்னு சொல்லலை, மனசுக்கு பிடிச்சிருந்தா தாராளமா பண்ணுங்க, ஆனா அது இங்க பாதுகாப்பு தரும்னு மட்டும் நினைக்காதீங்க. பாதுகாப்பு வேணும்னா அதுக்கு இங்கயே பேப்பர் இருக்கு.

இப்ப உங்க நிஜமான கேள்விக்கு வரேன். எந்த பேப்பரும் போடாம உங்க பார்ட்னர் தவறிட்டாங்கன்னா வாரிசு சட்டப்படி கணவனும் இல்ல பிள்ளையும் இல்ல, எல்லாம் அப்பா அம்மாவுக்கு போகும், அவங்க இல்லன்னா கூடப்பிறந்தவங்களுக்கு. இத்தனை வருஷம் ஒண்ணா இருந்த உங்களுக்கு ஒரு காசு கிடையாது. அதனால உயில். 21 வயசு ஆனவங்க எழுதலாம், ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல கூட இருந்து கையெழுத்து போடணும். சொத்து யாருக்கு போகுதோ அவங்க சாட்சி போடக்கூடாது, போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லாம போயிடும். பாசமா "நானே சாட்சி போடறேன்"னு பார்ட்னரே கையெழுத்து போட்டு கெடுத்துக்கற கதை நடக்கறதுதான். முஸ்லிமா இருந்தா கணக்கு வேற, உயில்ல மூணுல ஒரு பங்குக்கு மேல எழுத முடியாது, மீதி ஃபராயிட்ங்கற இஸ்லாமிய வாரிசு முறைப்படி போகும்.

உயில் எழுதிட்டோம் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க சிபிஎஃப்-ஐ, அதான் சம்பளத்துல பிடிக்கற கட்டாய சேமிப்பை, மறந்துடறாங்க. சிபிஎஃப் பணம் உயில்ல அடங்காது. அதுக்கு தனியா நாமினேஷன் போடணும், போடலைன்னா பணம் பப்ளிக் டிரஸ்டி கிட்ட போய் அங்கேருந்து மறுபடி அதே வாரிசு வரிசையில அப்பா அம்மாவுக்குத்தான். நாமினியா யாரை வேணும்னாலும் போடலாம், உறவு கேக்க மாட்டாங்க. சிங்பாஸ்ங்கற அரசு லாகின் வச்சு ஆன்லைன்லயே முடியும், ரெண்டு சாட்சி வேணும், காசு கிடையாது. கல்யாணம் ஆனா பழைய நாமினேஷன் ரத்தாகும்ங்கறது விதி. பேங்காக் கல்யாணம் இங்க செல்லாததால ரத்தாகக்கூடாது, ஆனா எதுக்கு வம்பு, போயிட்டு வந்தா திரும்ப ஒரு தடவை போட்டுடுங்க. இன்சூரன்ஸ்ல டிரஸ்ட் நாமினேஷன்னு ஒண்ணு இருக்கு, அது கணவன் மனைவி பிள்ளைகளுக்கு மட்டும்தான், நீங்க கேக்க வேண்டியது ரிவோக்கபிள் நாமினேஷன், அதாவது எப்ப வேணும்னாலும் மாத்திக்கக்கூடியது.

ஆஸ்பத்திரி விஷயம்தான் எனக்கு ரொம்ப கவலை. அவசரத்துல கொண்டு போய் சேர்க்கறீங்க, கவுன்டர்ல கேக்கற முதல் கேள்வி "நீங்க பேஷன்டுக்கு என்ன வேணும்?" ஃபிரெண்டுன்னு சொல்வீங்க, காண்டாக்ட் நம்பர்ல உங்க பேரை எழுதிக்குவாங்க, அதோட சரி. அதுக்குள்ள அவங்க அம்மா வந்து நின்னுட்டா டாக்டர் யார்கிட்ட பேசுவார்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நினைவோட இருக்கற வரைக்கும் பேஷன்ட் சொல்றதுதான் செல்லும், பிரச்சனை நினைவு போன பிறகுதான். இதுக்குத்தான் எல்பிஏ, நீண்டகால அதிகாரப் பத்திரம். புத்தி சுவாதீனம் போனா என் பணத்தையும் என் பராமரிப்பையும் இவங்க பார்த்துக்கட்டும்னு நல்லா இருக்கும்போதே ஒருத்தரை நியமிக்கறது, சொந்தக்காரங்களாதான் இருக்கணும்னு இல்ல. வக்கீலோ அங்கீகாரம் வாங்கின டாக்டரோ சான்று கொடுக்கணும், பப்ளிக் கார்டியன் ஆபீஸ்ல பதியணும். உயிர்காக்கும் சிகிச்சையை தொடரறதா நிறுத்தறதாங்கற முடிவு மட்டும் எல்பிஏ-ல அடங்காது, அது டாக்டர் கையில, ஆனா எந்த மாதிரி சிகிச்சை வேணும்னு முன்கூட்டியே பதிஞ்சு வைக்கற அட்வான்ஸ் கேர் பிளானிங்ல உங்க பேரை போட்டிருந்தா பேஷன்ட் என்ன விரும்பினாங்கன்னு உங்ககிட்ட கேப்பாங்க. ரெண்டையும் ஒருத்தருக்கொருத்தர் போடுங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டுட்டு நிறுத்தாதீங்க.

பிளாட்டுக்கு உங்க பார்ட்னர் ரெடி, நீங்கதான் இல்ல. கல்யாணம் ஆகாதவங்க சேர்ந்து ஹெச்டிபி வீடு வாங்கற ஜாயின்ட் சிங்கிள்ஸ் ஸ்கீம்ல வாங்கணும்னா ரெண்டு பேரும் சிட்டிசனா இருக்கணும், ரெண்டு பேருக்கும் 35 ஆகியிருக்கணும். புதுசுன்னா 2-ரூம் ஃபிளெக்ஸிங்கற சின்ன பிளாட் மட்டும், பெருசு வேணும்னா ரீசேல். அவசரப்பட்டு அவங்க பேர்ல மட்டும் வாங்கிட்டு நீங்க இன்ஸ்டால்மென்ட் கட்டாதீங்க, ஒரு வருஷம் பொறுத்து ரெண்டு பேர் பேர்லயும் ஜாயின்ட் டெனன்சியா வாங்குங்க, அப்பதான் ஒருத்தர் போனா பங்கு நேரா மத்தவங்களுக்கு வரும். இதைப் படிக்கறவங்கள்ல பார்ட்னர் வெளிநாட்டு பாஸ்போர்ட்டா இருக்கறவங்க காண்டோ சேர்ந்து வாங்க நினைச்சா ஜாக்கிரதை: வெளிநாட்டுக்காரர் பேரும் இருந்தா பொதுவா கூடுதல் முத்திரை வரி முழு விலைக்கும் 60 சதவீதம், கல்யாணம் ஆன ஜோடிக்கு கிடைக்கற சலுகை உங்களுக்கு கிடைக்காது. இங்க வேலை பாக்கறவங்களோட துணைக்கு கொடுக்கற டிபென்டன்ட் பாஸும் அதே கதைதான், பேங்காக் சர்டிஃபிகேட்டை காட்டி எடுக்க முடியாது.

இந்தியா பாஸ்போர்ட் காரங்களுக்கு ஒரு வரி: 2023 அக்டோபர் 17-ல சுப்ரீம் கோர்ட் கல்யாண உரிமை தர முடியாதுன்னுட்டாங்க, அங்கயும் செல்லாது. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட் குடும்பம்னா கல்யாணத்தால மட்டும்தான் வரணும்னு இல்லன்னு ஒரு நல்ல தீர்ப்பு கொடுத்துச்சு, வீட்டுல அடைச்சு வச்சிருந்த ஒரு பொண்ணை தன் துணையோட போக விட்டாங்க, ஆனா அது கல்யாண அங்கீகாரம் இல்ல.

கடைசியா அவங்க வீட்டு ஆளுங்க. உயில் இருந்தா அவங்க அம்மா வந்து எனக்கு பங்கு கொடுன்னு கேஸ் போட முடியுமான்னு பயப்படறீங்க. முஸ்லிம் இல்லாதவங்களுக்கு இங்க கட்டாயப் பங்குன்னு ஒண்ணு கிடையாது. உயில்ல என்னை விட்டுட்டாங்க, பராமரிப்பு வேணும்னு கோர்ட்டுக்கு போற உரிமை கணவன் மனைவிக்கும் சில பிள்ளைகளுக்கும்தான் இருக்கு, பெத்தவங்க அந்த லிஸ்ட்ல இல்ல. அவங்க செய்யக்கூடியது, உயில் எழுதினப்ப பொண்ணுக்கு புத்தி சரியில்ல, இவதான் மிரட்டி எழுத வச்சான்னு சொல்றது. அதனால உயில் எழுத வக்கீல் ஆபீஸுக்கு உங்க பார்ட்னர் தனியா போகட்டும், நீங்க அந்த ரூமுக்குள்ள இருக்க வேண்டாம், கீழ காபி ஷாப்புல உக்காந்திருங்க.